நாற்பதாவது பெயர்

என் கணவர் அர்ஜுனன் துறைமுகக் கூலிகளின் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பள்ளி நடத்தினார். 1931இல் இன்ஸ்பெக்டர் எண்ணியபோது முப்பத்தொரு பிள்ளைகள்தான் இருந்தார்கள். அடுத்த முறை நாற்பது இல்லையென்றால் பள்ளியை மூடுவோம் என்று எழுதி வைத்துப் போனார்.

பிள்ளைகள் பாக்குக் கிடங்கில் பொறுக்கு வேலைக்குப் போனார்கள். ஞாயிறுதோறும் என் கணவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, வராத பிள்ளையின் பெயரைத் தகப்பன் பெயரோடு உரக்க வாசிப்பார். வெட்கப்பட்டாவது அனுப்புவார்கள். பட்டியல் எழுதுவது நான். இன்ஸ்பெக்டர் மறுபடி வரவிருந்த வாரம் மண்டோர் பக்கிரிசாமியின் மகள் அஞ்சலை பெயருக்கு வந்ததும் என் பேனா தயங்கியது. கூலிகளை அடித்து வேலை வாங்குகிற மேஸ்திரி அவன். ஆனாலும் எழுதினேன்; ஞாயிறன்று அவரும் அதை வாசித்தார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வரும் நாள். அஞ்சலை தானாகவே வந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே மூட்டைக் கொக்கியோடு அவள் அப்பனும் வந்தான்.

"எந்திரிடி! கிடங்குக்கு யார் போறது?"

என் கணவர் குறுக்கே நின்றார். "இன்னைக்கு ஒரு நாள் விடுங்கண்ணே. இன்ஸ்பெக்டர் எண்ணிட்டுப் போயிடட்டும்."

"நேத்து ஜாலான்ல, தெருவே கேக்க நின்னு என் பேரைக் கூவுன வாய்தானே இது?"

"பிள்ளைக்காகத்தாண்ணே."

"அப்ப எழுதிக்க லா, வாத்தியாரே. பக்கிரிசாமி வந்தாச்சு!"

கொக்கி அவர் கழுத்தில் இறங்கியது. பிடுங்கி, மறுபடி வயிற்றில் போட்டான். முதல் வரிசைப் பிள்ளைகளின் சிலேட்டுகளில் ரத்தம் தெறித்தது. பிள்ளைகள் அலறி ஓடினார்கள். சத்தம் கேட்டு வந்த கூலிகள், அதுவரை அவனிடம் அடி வாங்கியவர்கள், சுமை தூக்கும் காவடிக் கம்புகளால் அவனை அடித்தார்கள். கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் விழுந்த பிறகும் அடித்தார்கள். போலீஸ் வந்துதான் விலக்கி, அவனைக் கொண்டுபோனது.

அவரைக் கைவண்டியில் ஏற்றினார்கள். நானும் ஏறப் போனேன். அவர் என் கையைத் தள்ளினார். "பேர்ப் புத்தகத்தை எடு," என்றார்.

அதனால் நின்றுவிட்டேன். தெருமுனைக்குப் போய், அவர் செய்வது போலவே பெயர்களை உரக்க வாசித்தேன். ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். முப்பத்தொன்பது பேர். உள்ளே போனால் அஞ்சலை வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் போகவே இல்லை.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஈரத் தரையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். நாற்பதாவது பெயருக்கு அஞ்சலை ஈரப் பாவாடையோடு எழுந்து நின்றாள்.

"உள்ளேன், அக்கா."

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுப் போன பிறகுதான், என் கணவர் ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே போய்விட்டார் என்று சொன்னார்கள்.

பள்ளி நிலைத்தது. அஞ்சலைக்கு ஆறு வருடம் நானே பாடம் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகப் படித்தாள். ஒரு நாள்கூட அவள் முகத்தை நேராகப் பார்த்து, அன்று நான் எழுதிய அந்தப் பெயரை என்னால் கூப்பிட முடியவில்லை. புத்தகத்தைப் பார்த்தே கூப்பிட்டேன்.