மக்கே என்று முடியும் வரி

மோர்வன் மக்கே கரும்பலகையில் கதைப்பாட்டை எழுதி, அழுத்தி ஒலிக்கும் அசைகளின் மேல் கோடு போட்டாள். ஸ்காட்லாந்தின் அந்த மீன்பிடி ஊரில் அந்தப் பாட்டை அறியாதவர் இல்லை. புயலில் தத்தளித்த படகைத் தன் படகோடு கட்டி இழுத்துவந்த ஒருவன், பாதியில் கயிற்றை அறுத்துவிட்டுத் தான் மட்டும் தப்பிய கதை. பாட்டில் அவன் பெயர் கவ்வி. அதனால் கவ்வி குடும்பத்தாரை இன்றும் யாரும் படகில் வேலைக்குச் சேர்ப்பதில்லை.

“ரெண்டாவது வரியும் நாலாவது வரியும் ஒரே ஓசையில முடியணும். நாலாவது வரிதான் அடுத்த பத்தியில முதல் வரியா திரும்ப வரும். எங்கயாவது இடிக்குதா, பாருங்க.”

கடைசி வரிசையில் இருந்த ஷோனா கவ்வி வழக்கமாக வாய் திறக்கமாட்டாள். “கயிறு அறுக்கிற பத்தி, மிஸ். ரெண்டாவது வரி வளைகுடாவைச் சொல்ற ‘பே’ன்னு முடியுது. நாலாவது ‘கவ்வி’ன்னு முடியுது. தாளமும் நொண்டுது. அதே வரி திரும்ப வர்ற இடத்துலயும் நொண்டுது.”

“உங்க பேரு எங்கதான் ஒட்டும்?” என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

ஷோனா திரும்பவில்லை. “‘மக்கே’ன்னு வெச்சுப் பாருங்க, மிஸ்.”

மோர்வன் மனதுக்குள் பாடிப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அது அவளுடைய குடும்பப் பெயர்.

மாலையில் அந்தப் பெயரைப் பற்றி அப்பா ரானல்டிடம் கேட்டாள். அந்தப் புயலில் இறந்தவர்களுக்காகத் துறைமுகத்தில் வைத்த நினைவுக்கல் முன்னால் ஆண்டுதோறும் அந்தப் பாட்டைப் பாடுபவர் அவர்தான். மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அவர் கை நிற்கவில்லை.

“கயித்தை அறுத்தது எங்க தாத்தா, பாட்டுல பேரை மாத்தினதும் அவர்தான். அவர் படகுல கவ்வியும் கூட இருந்தான். கரைக்கு வந்ததும் காய்ச்சல்ல போயிட்டான். செத்தவன் வந்து மறுக்கவா போறான்?”

“தெரிஞ்சேவா பாடினீங்க?”

“மாத்திப் பாடியிருந்தா உன்னை எவன் டீச்சராக்கியிருப்பான்?”

நினைவு நாளில் மோர்வன் அவர் பக்கத்தில் நின்றாள். அந்த வரி வந்ததும் அவர் குரலுக்கு மேலே “மக்கே” என்று பாடினாள். அப்பா நிறுத்திவிட்டார். மீதியை யாரும் எடுத்துப் பாடவில்லை. தூறலில் கூட்டம் கலைந்தது.

அவள் நேரே கவ்வி வீட்டுக்குப் போனாள். ஷோனாவின் அம்மா எல்ஸ்பெத் கதவருகிலேயே நின்றாள்.

“கேள்விப்பட்டேன். இங்க யாரும் வேலை குடுக்கலன்னுதான் என் வீட்டுக்காரர் கடல்ல எண்ணெய்க் கிணத்துக்குப் போனாரு. சவப்பெட்டியிலதான் திரும்பி வந்தாரு. இப்ப உங்க பாட்டு சரியாயிடுச்சா, மிஸ்?”

எல்ஸ்பெத் மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்பா அவளோடு பேசவில்லை. அடுத்த ஆண்டு பாட்டு இல்லாமல் நினைவுக்கல்லுக்கு மாலை மட்டும் வைத்தார்கள்.