உலை வைக்கிறவங்க ஓட்டு

தன் கணவர் போருக்குப் போகப்போகிறார் என்பதைக் கதிர்காமம் பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருந்த பேனரைப் பார்த்துத்தான் தனக்கொடி தெரிந்துகொண்டாள்.

மருத்துவமனையில் காலை ஷிப்ட் முடித்து வந்துகொண்டிருந்தாள். அவளோடு வார்டில் வேலை செய்யும் அஞ்சலாட்சிதான் முதலில் பார்த்தாள். பத்தடி உயரத்தில் அவள் கணவர் பாவாடை நின்றார். யாரோ ஒரு ராணுவ வீரனின் உடம்பில் அவருடைய தலையை ஒட்டியிருந்தார்கள். பின்னால் இரண்டு டாங்கிகள், ஒரு சிங்கம். ‘உக்ரைன் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டப் புறப்படும் எங்கள் அண்ணன், முன்னாள் எம்.எல்.ஏ., தொழிற்சங்கத் தலைவர் பாவாடை அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.’ கீழே சங்கச் செயலாளர் ஹரிகிருஷ்ணனின் படம்.

“யக்கா, மாமாவுக்கு அந்தத் தொப்பி நல்லாத்தான் இருக்குது” என்றாள் அஞ்சலாட்சி. பிறகு தனக்கொடியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனுக்குத் தெரியாதா?” என்றாள்.

“தெரியும். பஸ் வருது பாரு.”

பஸ் எதுவும் வரவில்லை.

பாவாடை கடலூர் தடத்தில் இருபது வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். சங்கத்தில் அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. வேலைநிறுத்தத் தீர்மானம் வந்தால் முதலில் கை தூக்குவது டிரைவர்களும் கண்டக்டர்களும் அல்ல, அவர்கள் வீட்டில் உலை வைக்கும் பெண்கள். “ஸ்டிரைக்குன்னா மொதல்ல நிக்கிறது பஸ் இல்ல, அடுப்பு. அடுப்புக்காரிய கேக்காம பஸ்ஸ நிறுத்த நீ யாரு?” என்று கேட்பார். மற்ற சங்கத்துக்காரர்கள் பேருக்கேற்ற தலைவர் என்று சிரித்தார்கள். ஒரு வருடம் பெரும்பாலான பெண்கள் கை தூக்கவில்லை. வேலைநிறுத்தம் நடக்கவில்லை. அடுத்த தேர்தலில் அதே பெண்கள்தான் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். ஐந்து வருடம் இருந்தார். பிறகு இரண்டு முறை தோற்றார். சங்கக் கூட்டங்களில் எல்லாம் தனக்கொடி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தூக்கியிருக்கிறாள்.

அரியாங்குப்பத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஹரிகிருஷ்ணன் நின்றிருந்தான்.

“அண்ணி, சத்தியமா உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிதான் கட்டுனேன்.”

“சிங்கம் எதுக்குடா?”

“அது கடைக்காரன் சும்மா போட்டுட்டான் அண்ணி.”

உள்ளே பாவாடை பனியனோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அவர் பூண்டு உரித்து அவள் பார்த்ததில்லை. பையை மாட்டினாள். தண்ணீர் குடித்தாள். எதிரில் உட்கார்ந்தாள். பூண்டுத் தோல் மட்டும் மின்விசிறிக் காற்றில் நகர்ந்து நகர்ந்து சுவரோரம் போய்ச் சேர்ந்தது.

காரணம் அவளுக்குச் சொல்லாமலே தெரியும். பதினான்கு வருடத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு மாநாட்டுக்கு வந்த மிக்கோலா என்ற உக்ரைன் டிரைவர், பஸ் முதலாளிகள் கதவடைத்திருந்த சமயம் பாவாடையைப் பார்க்க வந்து, உண்ணாவிரதப் பந்தலில் தானும் இரண்டு நாள் பட்டினி கிடந்தார். பழரசம் வேண்டாமென்று சொல்லி, தனக்கொடி காய்ச்சிய கஞ்சியைக் குடித்து உண்ணாவிரதம் முடித்தார். அந்த மிக்கோலா போன மாசியில் ஆம்புலன்ஸ் ஓட்டும்போது செத்துப்போனார். வண்டி இருக்கிறது, ஓட்டத்தான் ஆளில்லை என்று அவருடைய சங்கம் எழுதியிருந்தது.

“ரெண்டு மாசமா உங்கிட்ட சொல்லணும்னுதான்...” என்றார் பாவாடை.

“சங்கத்துல சொன்னீங்க. கட்சியில சொன்னீங்க. அந்தப் பேனர் கடைக்காரனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு.”

“தப்புதான். இப்ப சொல்றேன்.”

“சொல்ல வேணாம். கேக்கணும். எல்லா வூட்டு அடுப்பையும் கேட்டீங்க. இந்த அடுப்பக் கேட்டீங்களா?”

அவர் எழுந்து கையைக் கழுவினார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுப் பொத்தானைக் கடைசிவரை மாட்டினார். ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று, கூட்டத்தில் நிற்பதுபோல, அவளைப் பார்த்தார். பெண்களிடம் பேசும்போது அவர் எதையும் குறைத்துச் சொல்ல மாட்டார்.

“மூணு மாசம். காயம்பட்டவங்கள ஏத்திகினு பின்னால இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும். ரோட்டுக்கு மேல ட்ரோன் வரும். ஆம்புலன்ஸுன்னு பாக்காது. மிக்கோலா அப்பிடித்தான் செத்தான். நான் செத்தா உடம்பு வர நாளாவும். வராமயும் போவலாம். போவாதன்னுதான் எல்லாரும் சொல்றாங்க.” மூச்சு விட்டார். “கை தூக்கறவங்க தூக்கலாம்.”

தனக்கொடியின் கைகள் மடியில் கிடந்தன. அவர் தன்னைக் கேட்டுவிட்டால் போதும், மனசு ஆறிவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆறவில்லை. உடம்பு வராமயும் போவலாம் என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

அவர் காத்திருந்தார். பிறகு “சரி” என்று போனை எடுத்தார்.

“ஹரி, பேனர இறக்கிடு. தீர்மானம் தோத்துப்போச்சு.”

“யாருண்ணே தோக்கடிச்சது?”

“உலை வைக்கிறவங்க.”

மறுபடி பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

அவர் கோபப்படுவார் என்று மூன்று நாள் எதிர்பார்த்தாள். கோபப்படவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டார். ரேஷன் கடைக்குப் போனார். பிரஷர் மாத்திரையைக் கேட்காமலே போட்டுக்கொண்டார். ஊரோடு பங்கு போட்டுக்கொண்டிருந்த மனிதர் முழுசாகக் கையில் கிடைத்தும், என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வருடம் கை தூக்காமல் வீட்டுக்குப் போன பெண்களும் இப்படித்தான் தங்கள் புருஷன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்று நினைத்தாள். கை தூக்காத கோபத்தில் அன்றைக்கு அவள் அவர்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாள் வார்டுக்கு ஒரு விபத்துக் கேஸ் வந்தது. திண்டிவனம் பக்கத்து ஆள். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னதும் அவன் மனைவி வெளியே ஓடினாள். “கொண்டாந்த டிரைவர் எங்கம்மா? மொகத்தக்கூடப் பாக்கல நானு” என்று தேடினாள். அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியைக் கழுவிவிட்டு அடுத்த இடத்துக்குப் போயிருந்தார். அந்தப் பெண் வண்டி நின்றிருந்த காலி இடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். தனக்கொடி அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அந்த டிரைவருக்கும் ஒரு வீடு இருக்கும். இந்நேரம் அங்கே யாரோ உலை வைத்துக்கொண்டிருப்பாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது பாவாடை மேசையில் குனிந்திருந்தார். வர முடியவில்லை என்று மிக்கோலாவின் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வரிதான் எழுதியிருந்தார். அதையும் அடித்திருந்தார்.

“தீர்மானத்த மறுபடி வைங்க” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தோத்த தீர்மானத்த ஆறு மாசத்துக்கு வைக்கக் கூடாது.”

“யார் போட்ட சட்டம்?”

“நான்தான் எழுதுனேன்.”

“அப்ப நீங்களே அடிச்சிடுங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“எனக்கு பயமா இருக்கு” என்றாள் தனக்கொடி. “பயந்துகினே தூக்கனா செல்லுமா?”

“பயப்படாம தூக்கன கைய நான் ஒரு கூட்டத்துலயும் பாத்ததில்ல, தனம்.”

அவள் கையைத் தூக்கினாள். கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை இறங்கின. சங்க வழக்கப்படி, தலைவர் வாய்விட்டு எண்ணிச் சொல்லும்வரை தூக்கிய கையை இறக்கக் கூடாது. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு ஒருமுறை அசைந்தது. சத்தம் வரவில்லை. தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தெருமுனை தாண்டித் தேய்ந்து போனது. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“எண்ணுங்க” என்றாள் தனக்கொடி. “கை வலிக்குது.”