நாய் வாங்கப் போன திருடன்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது என் வேலை. நாய்களை நான் எப்போதும் கேட்டுக்கு வெளியே நின்றே பார்த்தவன். கெண்டைக்காலில் ஒரு தழும்பு, தொடையில் ஒன்று. இரண்டும் நாய்க்கடி, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அப்படிப்பட்டவன் நாய் வாங்கப் போனான் என்றால், அதைவிடப் பெரிய பயம் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு மதியம் எவனோ எங்கள் பின்கதவை நெம்பியிருக்கிறான். நான் வேலையில், என் மனைவி மருந்துக்கடையில். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் மட்டும் உள்ளே. தாழ்ப்பாள் தாங்கியது, அவனும் போய்விட்டான். ஆனால் நாங்கள் வரும்வரை அவள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். அன்றிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் முகம் வெளுத்துவிடும். பெற்ற தாய் தட்டினாலும் குரல் கொடுக்க மாட்டாள். “பயப்படாதம்மா, அப்பா இருக்கேன்ல” என்று தினமும் சொன்னேன். அந்த மதியம் நான் எங்கே இருந்தேன்? எவன் வீட்டு மீட்டர் பெட்டிக்கு முன்னாலோ.

நாய் வளர்த்து விற்கும் அம்மா ஒருவரை போனில் பிடித்தோம்.

“மாஸ்டிஃப் ஜாதிங்க. ரெண்டு வயசுப் பொண்ணு, கன்னுக்குட்டி மாதிரி இருப்பா. குழந்தைங்கன்னா உயிரை விடுவா.”

“உயிரை விடறது இருக்கட்டும்மா. எவனாவது உள்ள வந்தா என்ன பண்ணும்?”

“சோதிச்சுப் பாருங்க. அவளுக்குத் தெரியாத ஆள் ஒருத்தரை சுவரேறிக் குதிக்கச் சொல்லுங்க. வீட்டு ஆள் மட்டும் வேண்டாம்.”

வெளியாளை எங்கே தேடுவது? நாயைப் பார்த்ததும் பாதியில் ஓடிவிடுவான். அதைவிட, என் மகளை நோக்கி இன்னொருவனை வரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானே திருடன் ஆவதென்று முடிவு செய்தேன்.

“புத்தி கெட்டுப்போச்சா? அது உங்களை ஞாபகம் வெச்சுக்காதா?” என்றாள் மனைவி.

“நாய்க்கு அவ்வளவு ஞாபகமெல்லாம் ஏது” என்றேன், பெரிய நாய் டாக்டர் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் முதலில் அந்த நாய்க்கார அம்மா வீட்டுக்குப் போய் நாயோடு பழகினார்கள். குதிக்கப்போவது நான்தான் என்று மகளிடம் சொல்லியிருந்தோம். வெகுநேரம் தெருமுனையில் நின்றுவிட்டு, சுவரேறிப் பார்த்தேன். தாழ்வாரத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய பழுப்புத் தலை, பாவாடை முழுக்க எச்சில். அதற்குள் ‘பூசணி’ என்று பேர் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

குதித்தேன்.

பூசணி குரைக்கவில்லை. குரைத்திருந்தால் தைரியமாக இருந்திருக்கும். குரைக்கிற நாய்க்கு முன்னால் அசையாமல் நின்று வீட்டுக்காரரைக் கூப்பிடுவது எனக்குப் பழக்கம். இது மெதுவாக எழுந்தது. மகள் பின்னால் இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டது. முன்பே பேசிவைத்தபடி நான் மகளை நோக்கி ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அடுத்து என் முதுகு சுவரில் இருந்தது, தோளில் இரண்டு பாதங்கள், மூக்குக்கு நேரே சூடான மூச்சு. அதன் உறுமல் என் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. “அம்மா” என்று கத்த வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. கால்சட்டை நனைந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நாய்க்கார அம்மா ஓடிவந்து விலக்கினார். “கடிக்க மாட்டா. ஆனா விடவும் மாட்டா.”

“இதுவே போதும்” என்றேன், தரையில் உட்கார்ந்தபடி. எனக்கு இப்படி ஈரக்குலை நடுங்கினால் பின்கதவை நெம்பியவனுக்கும் நடுங்கும்.

வீட்டுக்கு வந்த பூசணி என் மனைவியிடம் குழைந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் கையைக்கூட நக்கியது. மகளின் கட்டில் காலடியில் குறட்டை விட்டது. என்னைக் கண்டால் மட்டும் எழுந்து எனக்கும் மகளுக்கும் நடுவில் நிற்கும். அதற்கு நான் சுவரேறிக் குதித்தவன். நான் வைத்த சாப்பாட்டை நான் நகர்ந்த பிறகே தொடும். என் சொந்த வீட்டில் சமையலறையிலிருந்து கூடத்துக்குச் சுவரோரமாகவே போனேன். மகளின் தலையைத் தடவக்கூட முடியவில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவே பயம். மனைவி ‘நான் சொன்னேனே’ என்று வாயால் சொல்லவில்லை, கண்ணால் சொன்னாள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

அதைச் சொல்லத்தான் ஒரு மதியம் வேலை முடிந்து சீக்கிரமே வந்தேன். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. தட்டினேன். பூசணி வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் நின்றது. நான் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். மகள் இப்போது கட்டிலுக்கு அடியில் இருப்பாள் என்று நினைத்தேன்.

வீட்டுக் கதவு திறந்தது.

“யாரு?”

என் மகளின் குரல்தான். உரக்கக் கேட்டாள், அதில் நடுக்கமே இல்லை.

“நான்தாம்மா… அப்பா.” நடுங்கியது என் குரல்.

வாசலைத் தாண்டி வந்தாள். பூசணியின் கழுத்துப்பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பூட்டைத் திறந்தாள். பிறகு அந்தக் கையை என்னிடம் நீட்டினாள். என் உள்ளங்கை வேர்த்திருந்தது.

“பயப்படாதப்பா, நான் இருக்கேன்ல.”

சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக உள்ளே போனேன்.