குனிந்த தலை

நாடகக் குழுவில் திரை இழுப்பது என் வேலை. மேடை ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவளை யாரும் ஒரு மனுஷியாகவே கணக்கில் எடுப்பதில்லை. அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.

எங்கள் குழுவுக்குத் தலைவர், இயக்குநர், கதாநாயகன் எல்லாம் ஒரே ஆள்தான். அவர் மனைவிதான் கதாநாயகி; எங்களுக்கெல்லாம் அக்கா. மேடையிலும் புருஷன் பெண்டாட்டி, வீட்டிலும் அதே. நாடகத்தின் பெயர் ‘வீட்டுக்கு ஒரே தலை’. வாயாடி ஒருத்தியைக் கட்டிக்கொண்டவன் மூன்றே காட்சிகளில் அவளைப் பெட்டிப் பாம்பாக அடங்க வைப்பதுதான் கதை. கடைசிக் காட்சியில் அவள் தலை குனிந்து நிற்க, மனைவி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் ஏழு நிமிடம் முழங்குவார். முன்வரிசை ஆண்கள் விசிலடிப்பார்கள். அவர்களுடைய மனைவிமார் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவார்கள்.

அந்த ஏழு நிமிட வசனத்தில் அவருக்குத் தெரிந்தது முதல் வரி மட்டும்தான். மிச்சத்தையெல்லாம் குனிந்த தலையோடு, உதடு அசைவது தெரியாமல் எடுத்துக்கொடுப்பது அக்கா. அந்தக் குனிந்த தலையைப் பார்த்துத்தான் “என்ன அடக்கம், என்ன அடக்கம்” என்று சனங்கள் உருகுவார்கள்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், முதல் மேடையில் அவர் முழி பிதுங்கி நின்றபோது, தோழி வேஷத்தில் இருந்த அக்கா பாவப்பட்டு ஒரு வரி எடுத்துக்கொடுத்தாள். அடுத்த மாதமே கல்யாணம். காதல் என்றார்கள். காதல்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தன் ஞாபகசக்திக்கே தாலி கட்டிய ஆள் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

காதில் விழுவதை யோசிக்காமல் அப்படியே முழங்குவது அவர் வழக்கம். ஒருமுறை அக்கா பதறிப்போய், “மீசை தொங்குது” என்று கிசுகிசுத்தாள். அவர் அவளையே நோக்கி விரல் நீட்டி, “மீசை தொங்குகிறது!” என்று கர்ஜித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

ஐம்பதாவது மேடையேற்றத்துக்கு முந்தின நாள் ஒத்திகையில் தலைவர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“அடுத்த நாடகத்துக்குப் புதுப்பொண்ணு ஒண்ணு பாத்திருக்கேன். அதுதான் கதாநாயகி. நீ எனக்கு அம்மா.”

“நான் உங்களுக்கு அம்மாவா? உங்களைவிட ஒம்பது வயசு சின்னவ நான்!”

“பொம்பளைக்கு முப்பத்தஞ்சு தாண்டினா அந்த வேஷம் நிக்காதும்மா.”

“உங்களுக்கு நாப்பத்தேழு ஆகலையா?”

“ஆம்பளைக்கு ஏது வயசு? சாயம் பூசினா போச்சு.”

“அப்போ வசனம் யாரு எடுத்துக் குடுப்பா?”

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “எனக்கு எதுக்குடி எடுத்துக் குடுக்கணும்? வசனம் என் ரத்தத்துல ஊறினது. நீ பழக்கதோஷத்துல முணுமுணுப்பே, போனாப் போகுதுன்னு விட்டு வச்சிருக்கேன்.”

அக்கா ஒப்பனை அறையில் வந்து உட்கார்ந்து அழுதாள். “வேஷம் போறது ஒருபக்கம் இருக்கட்டும். இத்தனை வருஷம் சொல்லிக் குடுத்ததை முணுமுணுப்புன்னுட்டாரே” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நாளைக்கு முணுமுணுக்காம நின்னுதான் பாருங்களேன்” என்றேன்.

மறுநாள் அரங்கத்தில் எள் விழ இடமில்லை. முதல் வரிசையில் பத்திரிகைக்காரர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் புதுப்பெண். கடைசிக் காட்சி வந்தது. தலைவர் நெஞ்சை நிமிர்த்தி முதல் வரியை எடுத்துவிட்டார்.

“இனி நான் பேசும்போது நீ வாயையே திறக்கக் கூடாது!”

அக்கா தலை குனிந்தாள். வாயைத் திறக்கவில்லை.

அவர் காத்திருந்தார். அதே வரியை இன்னொரு தடவை சொன்னார். மூன்றாம் தடவை குரல் கெஞ்சியது. சபையில் சிரிப்பு கிளம்பியது. திரையை இழுக்கச் சொல்லி என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வியர்வையில் முடிச்சாயம் கரைந்து காதோரம் கறுப்பாக வழிந்தது.

அக்காவைச் சுற்றி வருவதுபோல் நெருங்கி, “சொல்லேன்மா, உன் கால்ல வேணா விழறேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்.

அக்காவின் உதடு லேசாகப் பிரிந்தது. வெள்ளத்தில் போகிறவனுக்குக் கட்டை கிடைத்தமாதிரி அவர் பிடித்துக்கொண்டார்.

“ஏனென்றால் எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லை!” என்று முழங்கினார். விசிலடிக்கப் போனவர்கள் விரலை வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “பதினாறு வருடமாக நீ சொல்லிக்கொடுத்துத்தான் நான் பேசுகிறேன்! நீ தலை குனிந்தது அடக்கத்தால் அல்ல, என் மானத்தைக் காப்பாற்ற! அடுத்த நாடகத்திலும் நீதான் கதாநாயகி! எனக்கு வயதாகிவிட்டது. நான் உன் அப்பாவாக நடிக்கிறேன்!”

கைப்பைகளை மூடிவிட்டுப் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். புதுப்பெண்ணும் தட்டினாள். நான் திரையை இழுத்தேன்.

கைதட்டல் ஓயாத மிதப்பில் தலைவர் உள்ளே வந்தார். பத்திரிகைக்காரர் ஓடிவந்து கையைக் குலுக்கினார். “அடுத்த நாடகத்துல அப்பா வேஷமா சார்? மேடையிலேயே அறிவிச்சிட்டீங்களே! யாருக்கு சார் இந்த மனசு வரும்? நாளைக்கே போட்டுடறேன்.”

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா பக்கம் திரும்பி, “என்னடி சொல்லிக் குடுத்தே?” என்றார் மெதுவாக.

அக்கா அதே தலையை அதே மாதிரி குனிந்துகொண்டாள்.

“நான் எங்கேங்க சொல்லிக் குடுத்தேன்? வசனம் உங்க ரத்தத்துல ஊறினதாச்சே.”