எடுக்காமல் விட்ட முடிச்சுகள்

டீச்சரின் இடது குதிகாலில் மிளகளவு கறுப்புப் புள்ளி முதலில் தென்பட்டபோது, டார்ச் அடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் அவள் கணவர்தான். "ரத்தக்கட்டு. செருப்பு கடிச்சிருக்கும். தானா மறைஞ்சிடும்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாகக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, இரைச்சலை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவளுக்கு நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. ஊரே டீச்சர் என்றதால் கட்டிய கணவருக்கும் அவள் டீச்சர்தான்.

எட்டு மாதத்தில் அது சட்டைப் பொத்தான் அளவுக்குப் பரவி, ஒருநாள் குளத்தின் படிக்கட்டில் ரத்தமாகப் பதிந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்துச் சோதித்து, மெலனோமா என்றார்கள். தோலில் வருகிற புற்றுநோய். தொடை இடுக்கிலிருந்து ஒரு முடிச்சையும் எடுத்துப் பார்த்திருந்தார்கள்.

"காய்ச்சல் வந்தா நெறி கட்டும்ல, அந்த நிணநீர் முடிச்சுதான்," என்றார் அறுவை சிகிச்சை டாக்டரம்மா. "அதுல துளியூண்டு பரவியிருக்கு. மருந்து ட்ரிப்ஸ் எப்படியும் போடணும். மிச்ச முடிச்சுங்களை எடுக்கறதா வேண்டாமாங்கறதுதான் கேள்வி."

"எடுத்துடுங்க டாக்டர்," என்றார் மெக்கானிக், அவள் வாய் திறப்பதற்குள்.

டாக்டர் டீச்சரைப் பார்த்தே பேசினார். "எடுத்தா அந்த இடத்துல திரும்ப வர்றது குறையும். ஆனா ஆயுசு கூடுதுன்னு ஆராய்ச்சியில தெரியல. கால் வீங்கிப் போகலாம். வீங்கினா அது நிரந்தரம். எடுக்காம, நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டும் இருக்கலாம். ரெண்டு வாரம் யோசிங்க."

அந்த இரண்டு வாரமும் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"சந்தேகப்பட்ட ரோப்பை மாத்தாம நான் யாரையாச்சும் லிஃப்ட்ல ஏத்துவேனா?"

"நான் லிஃப்ட் இல்லீங்க. மாத்தறதுக்கு ஸ்பேர் வராது." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஆஸ்பத்திரியில காத்திருந்தப்ப பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களே, முடிச்செல்லாம் எடுத்துக் கால் வீங்கி, கால் முழுக்கக் கட்டோட. செருப்பு நுழையல, பையில வச்சிருந்தாங்க. என்னால தண்ணியில இறங்காம இருக்க முடியாது. எத்தனை நாள்னு தெரியாத ஆயுசு, அதை நான் நடமாட்டத்தோட கழிச்சுக்கறேனே."

அவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் வேலை இடத்திலிருந்து, யாரையும் கேட்காமல், ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார்.

மூன்றாம் நாள் மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சமையலறையில் அசையாமல் நின்றிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க. அடுத்த வியாழக்கிழமை வெறும் வயித்துல வரணுமாம். என் கால்ல கத்தி வைக்க நீங்க தேதி குறிச்சீங்களா?"

"உனக்காகத்தான் டீச்சர்..."

"எனக்காகன்னா என்னைக் கேட்டிருக்கணும்."

அவருக்குக் கையிலிருந்த கருவிப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. "ரத்தக்கட்டுன்னு சொன்ன வாய் இது. எட்டு மாசம்! அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. இப்பவும் கையைக் கட்டிட்டு உக்காரச் சொல்றியே, நான் எப்படி உக்கார்றது?"

அவள் அடுப்பை அணைத்தாள். அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ இந்த ஆபரேஷன் எனக்கா, உங்களுக்கா?"

அவர் கருவிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கால் என்னோடது. நானும்தான் தினம் பார்த்தேன். நானும்தான் அதை ரத்தக்கட்டுன்னே வச்சுக்கிட்டேன். எல்லாத்தையும் நீங்களே தலையில போட்டுக்காதீங்க," என்று அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். அவர் அவள் எதிரிலேயே போன் செய்து தேதியை ரத்து செய்தார். "எந்தக் காரணத்துக்காக சார்?" என்று அந்தப் பக்கம் கேட்ட பெண்ணுக்கு, "அவங்களுக்கு வேண்டாமாம்," என்று சொல்வதற்குள் குரல் உடைந்துவிட்டது.

முதல் மூன்று ஸ்கேனும் சுத்தமாக வந்தன. அவள் குளத்துக்குப் போய்வந்தாள். பிள்ளைகளை அதட்டினாள், தொண்டை கட்டிக்கொண்டு வந்தாள். நான்காவது ஸ்கேனைப் பார்த்த டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தொடை இடுக்குல ஒண்ணும் இல்ல. நுரையீரல்ல வந்திருக்கு."

டீச்சர் ரத்தப் பரிசோதனைக்குப் போன நேரத்தில் மெக்கானிக் கேட்டார். "அன்னிக்கு எடுத்திருந்தா?"

"இது ரத்தம் வழியா போயிருக்கு. எடுத்திருந்தாலும் தடுத்திருக்காதுன்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வார்த்தை அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமில்லாத வேளையில் அவரைக் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருபது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர், மார்பளவு தண்ணீரில் குளத்து ஓரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "விடுங்க, நான் பிடிச்சிருக்கேன்," என்றாள். விட்டார். அவள் உள்ளங்கைமேல் முதுகைக் கிடத்தி, காதுக்குள் தண்ணீர் போக, மூன்று மூச்சு அளவு மிதந்தார். அவளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. உடனே கரையேறினார்கள். ஏழு வாரத்தில் அவள் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அவருடைய அக்கா மட்டும் தங்கினார். துணிகளை மடித்துக்கொண்டே, மனசில் இருந்ததைக் கேட்டும்விட்டார்.

"ஏன்டா தம்பி, அன்னிக்கே எல்லாத்தையும் அறுத்து எடுத்திருந்தா அவ இருந்திருப்பாளோ?"

நான்காவது ஸ்கேனிலிருந்தே அவர் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது அவருக்குக் கோபம் வந்தது.

"இல்லக்கா. அவ யோசிச்சு எடுத்த முடிவு. சரியாத்தான் எடுத்தா. இனிமே அந்தப் பேச்சை எடுக்காத."

அவர் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா கதவைத் தட்டவில்லை.