லிஸ்டில் இருந்த கண் டாக்டர்

1

பார்வை மங்கும் ஒருவரைப் பற்றி உருக்கமாக எழுதலாமென்று மாமாவிடம் விவரம் கேட்கப் போனேன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். டவுன் பஸ் டிரைவர். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் அதிகம். உருக்கம் கிடைக்கவில்லை. அக்காவின் சிரிப்புதான் கிடைத்தது. ஆகவே இது இன்சூரன்ஸ் லிஸ்ட்டைப் பார்த்து ஆஸ்பத்திரி தேடிய கதை. எழுந்து போய்விடாதீர்கள்.

2

முதல் வரி இப்படி இருந்தது: "விதி அவர் விழிகளின்மேல் மெல்லத் திரையை இறக்கியபோது, வானம்..."

(விட்டுவிட்டேன். விதி மாமாவிடம் பேசவில்லை. டிப்போ மேனேஜர்தான் பேசினார்: "கண்ண சரி பண்ணிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வண்டி கிடையாது.")

பாலத்தருகே இருக்கும் கண்ணாடிக் கட்டட ஆஸ்பத்திரிக்குப் போனார் மாமா. டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார், மாமாவுக்குப் பிடித்துவிட்டது. பிறகு கவுண்டரில் சொன்னார்கள்: அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் இல்லை, பெரும்பகுதி கைக்காசுதான்.

அக்கா வீட்டில் கேக் செய்து விற்கிறாள். பெரிய 'அவன்' அடுப்பு வாங்கச் சேர்த்த பணத்தில் கைவைக்க வேண்டிவரும்.

"கம்பெனி லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போனா நம்ம பங்கு கொஞ்சம்தாங்க," என்றாள்.

"டயர்னா லிஸ்ட் பாத்து வாங்கலாம். இது கண்ணு. எனக்கு அந்த டாக்டரம்மாதான் வேணும்."

"சரி, அவங்களையே கேக்கறேன்."

3

(இங்கே புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை ஒன்று வைத்திருந்தேன். அக்கா படித்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டாள். "நாங்க எப்படா தட்ட வீசினோம்?")

நடந்தது ஒரு போன் பேச்சு.

"டாக்டர், நீங்க வேற எங்கயாவது ஆபரேஷன் பண்றீங்களா?"

"செவ்வாய்க்கிழமைல மார்க்கெட் பக்கத்துல இருக்கற சின்ன ஆஸ்பத்திரில பண்றேன். அது உங்க லிஸ்ட்ல இருக்கான்னு கம்பெனிகிட்ட கேளுங்க. கண்ணுக்குள்ள வைக்கற லென்சும் சேருமான்னு கேட்டுக்கோங்க. அதத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க."

அக்கா கம்பெனியை அழைத்து, எதிர்முனையில் இருந்தவர் களைக்கும்வரை கேட்டாள். ஆஸ்பத்திரி லிஸ்டில் இருந்தது. டாக்டரம்மாவும் இருந்தார். லென்சும் சேரும்.

மாமா மெதுவாக, "அதே கை தானே?" என்றார்.

"அதே கைதான். கண்ணாடிக் கட்டடம் மட்டும் வராது."

4

குறுகலான படி, ஆடுகிற நாற்காலி, மின்விசிறிச் சத்தம். மாமா எல்லாவற்றையும் குறை சொன்னார். பயந்தால் அவர் அப்படித்தான். வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, மறுநாள் கட்டைப் பிரித்ததும் சுவர் அட்டையின் எழுத்துகளை மளமளவென்று படித்தார். அடியில் அதை அச்சடித்தவர்களின் முகவரியையும் படித்தார்.

"போதும், எழுந்திருங்க," என்றார் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே.

கண் ஆறின பிறகு பஸ் திரும்பக் கிடைத்தது. அக்காவுக்கு 'அவன்' அடுப்பும் வந்தது.

5

முடிவுக்கு இரண்டு மூன்று வழி பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை, ஏனென்றால் இடது கண் இன்னும் பாக்கி. மாமாவுக்கு இது விளையாட்டாகிவிட்டது. ஒரு கண்ணை மூடுகிறார், மறு கண்ணை மூடுகிறார். பழைய கண்ணில் உலகம் மஞ்சளாக, மெத்தென்று இருக்கிறதாம். புதுக் கண்ணில் சுவரின் கீறல்வரை தெரிகிறதாம்.

நேற்று அக்கா கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"சொல்லுங்க, எந்தக் கண்ணுல நான் அழகா இருக்கேன்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடிவிட்டேன். பதிலை நீங்களே அவருக்கு எடுத்துக்கொடுங்கள். யோசித்துக் கொடுங்கள், இடது கண்ணுக்கும் அவள்தான் போன் செய்யவேண்டும்.