மூடி கழற்றாத கார்டு

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குக் குழாய்களின் முப்பரிமாணப் படம் போடுபவள் ரேணுகா. கம்ப்யூட்டர் திணறியதால், ஊரெல்லாம் விசாரித்து நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கினாள். கணவன் கலையரசன் அதை மாட்டிக்கொடுத்தான். அப்புறமும் படம் ஆமை மாதிரியே நகர்ந்தது. கடைக்காரனைக் கரித்துக்கொட்டியபடி கம்ப்யூட்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மானிட்டர் வயர் கார்டில் இல்லை. பழைய ஓட்டையிலேயே இருந்தது. கார்டின் ஓட்டைகளில் ரப்பர் மூடிகள் போட்டது போட்டபடி.

"ஏங்க, வயர இதுல இன்னாத்துக்கு சொருவல?"

"புச்சு பொருளு ரேணு. மூடியக் கழட்டுனா தூசி பூந்துக்கும்."

ரேணுகா திட்ட வாயெடுத்தாள். கலையரசன் சோபாவில் அசைந்து உட்கார்ந்தான். கல்யாணத்துக்கு வந்த சோபா. அவள் இன்னும் கிழிக்கவிடாத பிளாஸ்டிக் உறை கரகரவென்றது.